ஒரே சரக்கு, ரெண்டு லேபிள்

சிவகாசியில் ஒரு சரக்குக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. ஒரே கொட்டகையில், ஒரே கைகள் அடைத்த புஸ்வாணம் ஹைதராபாத் வியாபாரிக்கு மயில் படம் ஒட்டிப் போகும். இந்தூர் வியாபாரிக்கு ரோஜாப்பூ ஒட்டிப் போகும். மயிலைப் போல வருமா என்பார் ஹைதராபாத்காரர். ரோஜாவைத் தவிர வேறெதையும் கடையில் ஏற்றமாட்டேன் என்று சத்தியம் செய்வார் இந்தூர்க்காரர். இரண்டு பேரும் மனதார நம்பித்தான் சொல்கிறார்கள். இதில் ஊரில் யாருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது. மயிலையும் ரோஜாவையும் வரைந்து கொடுக்கிற ஃபரீதுக்குச் சுத்தமாகக் கிடையாது.

ஃபரீத், சங்கரலிங்கம் அண்ணாச்சியின் அச்சகத்தில் லேபிள் வரைகிறவன். கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குக் கொட்டாவி வரும். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேர் அவனுக்குப் பெண் கொடுக்கப் பார்த்தார்கள். அப்படிப்பட்டவனுக்குள்ளும் ஒரு ஆசை இருந்திருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், யாரிடமும் சொல்லாமல், தன்னந்தனியாக ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்திருந்தான். பெயர், 'வேன் வந்தாச்சு'.

அதில் சுடுவதற்கு ஆள் கிடையாது. வெட்டுவதற்குப் பூதம் கிடையாது. விளையாடுகிறவர் பட்டாசு ஃபாக்டரி வேனை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். எம். புதுப்பட்டியிலும் ஆமத்தூரிலும் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும். ஒருத்தி தலையை முடிந்துகொண்டு வருவாள். இன்னொருத்தி தூக்குச்சட்டியை மறந்து திரும்ப உள்ளே ஓடுவாள். காத்திருந்தால் ஃபாக்டரி கேட்டைச் சாத்திவிடுவார்கள். காத்திருக்காமல் வண்டியை எடுத்தால் அவளுக்கு அன்றைய கூலி போயிற்று. இதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டும்.

அதில் வருகிற குரல்களெல்லாம் நிஜ வேனில் நிஜமாக ஏறுகிற பெண்களுடையவை. ஃபரீத் அவர்களோடு வேனில் போய் செல்போனில் பதிந்து வந்தான். எல்லாரிலும் உரத்த குரல் புதுப்பட்டி பாண்டிலட்சுமியுடையது. தினமும் கடைசியாக வருகிறவள் அவள்தான்.

"இத எப்ப தம்பி நாங்க கேக்கது?" என்று கேட்டாள்.

"தீபாவளி முடிஞ்சு ஃபாக்டரிக்கு லீவு விடுவாகல்ல, அப்ப உங்க ஊரு கம்ப்யூட்டர் சென்டர்லயே போட்டுக் காட்டுறேங்க்கா."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"வீட்ல நான் பேசுனா ஒருத்தரும் காது குடுக்க மாட்டாக. கம்ப்யூட்டர்ல பேசுனாலாச்சும் கேக்காகளான்னு பாப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஃபரீதுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலையை இவளுக்காகவாவது ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று அவன் முதல்முறையாக நினைத்தது அப்போதுதான்.

முன்னோட்டமாகக் கொஞ்சத்தை இணையத்தில் விட்டான். எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் புதுப்பட்டியில் வேன் ஓட்டினார்கள். விருதுநகரில் செல்போன் கடை வைத்திருக்கும் காளீஸ்வரன், தான் தலைவராக இருக்கிற 'மாவட்டக் கணினி விளையாட்டாளர் பேரவை'யின் சார்பில் பாராட்டுத் தீர்மானமே போட்டார். பேரவைக்காரர்கள் இணையத்தில் கேம் வாங்குகிற கடைக்குக் 'கோடவுன்' என்று பெயர். வாங்கியதெல்லாம் அங்கேதான் அடுக்கியிருக்கும், நண்பர்களும் அங்கேதான் இருப்பார்கள். ஆகவே ஃபரீதின் கேமும் கோடவுனுக்குத்தான் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து கார் வந்தது. இறங்கியவர் ஹரிஷ்குமார். 'மாளிகை' என்கிற புது இணையக் கடையில், பங்காளர் மகிழ்ச்சிப் பிரிவுக்கு மேலாளர். அண்ணாச்சியின் அறையில் வைத்து ஃபரீதுக்கு ஒரு சால்வையைப் போர்த்தினார். அண்ணாச்சிக்கு இன்னொன்று. தண்ணீர் கொண்டுவந்த வேலுத்தாய்க்கும் ஒன்று போர்த்தியிருப்பார், கையிருப்பு தீர்ந்துவிட்டது.

"சார், நாங்க வியாபாரம் பண்றதில்ல. உறவு வளர்க்கிறோம்," என்று ஆரம்பித்தார். "ஒரு பிளேயர் பத்துக் கடை ஏறி இறங்கினா அவருக்குக் குழப்பம் வருது. அந்தக் குழப்பத்துல இருந்து அவரைக் காப்பாத்துறதுதான் எங்க சேவை. ஒன்பது கதவை நாங்களே எங்க செலவுல சாத்திடறோம். மிச்சம் ஒரு கதவு. அவர் சுதந்திரமா அதைத் தேர்ந்தெடுக்கலாம்."

"அந்தக் கதவு உங்களதாக்கும்?" என்றார் அண்ணாச்சி.

"எங்களோடதுன்னு சொல்லாதீங்க சார், மனசு கஷ்டப்படும். கதவு பிளேயரோடது. சாவி மட்டும் எங்ககிட்ட இருக்கும்."

ஃபரீத் மெதுவாகக் கேட்டான். "உங்க கடையில நாலஞ்சு கேம சேத்து வாங்க ஒரு கூடை இருக்குமா சார்?"

"வந்துட்டே இருக்கு."

"வாங்குனவுக நல்லாருக்கு நல்லால்லன்னு எழுத?"

"அதுவும் வந்துட்டே இருக்கு. ஆனா எதுக்கு சார்? நல்லா இல்லைன்னா நாங்க வாங்கியிருப்போமா?"

விஷயம் இதுதான். 'வேன் வந்தாச்சு' ஒரு வருஷத்துக்கு மாளிகையில் மட்டும்தான் கிடைக்க வேண்டும். வேறு எவருக்கும் கொடுக்கக் கூடாது. ஃபரீத் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தான்.

"எக்ஸ்க்ளூசிவ்தானலே? நம்ம ஊர்ல இல்லாததா?" என்றார் அண்ணாச்சி. "மயில வேற பார்ட்டிக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஹைதராபாத்காரன் எழுதி வாங்கியிருக்கான். குடுத்திருக்கோமா? இன்னைய தேதி வரைக்கும் மயில ஒரு பயலுக்கும் குடுக்கல. நீ போடுலே கையெழுத்த."

அண்ணாச்சி சொன்னது சிவகாசியில் பச்சைக் குழந்தைக்கும் புரியும். லேபிள் பார்ட்டிக்குச் சொந்தம், உள்ளே இருக்கிற வெடிமருந்து ஊருக்குப் பொது. ஃபரீத் சுத்தமான மனசாட்சியோடு கையெழுத்துப் போட்டான். ஹரிஷ்குமார் அந்தக் கையெழுத்தை பெங்களூர் அர்த்தத்தில் வாங்கிக்கொண்டு போனார்.

செய்தி வெளியே வந்ததும் விருதுநகர் கொதித்தது. பேரவை அவசரமாகக் கூடி, பாராட்டுத் தீர்மானத்தை ரத்து செய்து, கண்டனத் தீர்மானம் போட்டது. கண்டனம் என்றால் போஸ்டர் வேண்டும். போஸ்டர் என்றால் சிவகாசிதான். காளீஸ்வரன் பஸ் ஏறி நேரே அண்ணாச்சியின் அச்சகத்துக்கு வந்து, ஃபரீதின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீக பாய். கொள்கை வேற, பிரிண்டிங் வேற."

"சொல்லுங்க."

"மேல பெருசா 'துரோகி ஃபரீத்'னு வரணும். கீழ உங்க போட்டோ. எங்ககிட்ட இருக்கது மங்கலா இருக்கு. நல்லதா ஒண்ணு இருந்தா குடுங்களேன்."

ஃபரீத் பர்ஸைத் திறந்து பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்துக் கொடுத்தான். சிவப்பில் மஞ்சள் எழுத்துப் போட்டால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும் என்று யோசனையும் சொன்னான். மாதிரித் தாளை அண்ணாச்சி தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, துரோகியைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினான். வேலை சுத்தமாக வந்திருந்தது.

காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே விருதுநகரில் உண்ணாவிரதம் நடந்தது. காளீஸ்வரன் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த விளையாட்டு வீரர்களே! ஒரே கடை, ஒரே வாசல், ஒரே முதலாளி என்னும் ஆதிக்கத்துக்கு நாம் தலைவணங்க மாட்டோம்! எந்த கேமாக இருந்தாலும் கோடவுனுக்குத்தான் வரவேண்டும்! கோடவுனுக்கு மட்டும்தான் வரவேண்டும்! இன்னொரு கடையின் செயலியை என் கம்ப்யூட்டரில் ஏற்றுவதைவிட நான் என் கம்ப்யூட்டரையே விற்பேன்!"

கைதட்டல் அடங்க நேரமானது. விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று இரண்டு பேர் மேடைக்குப் பின்னால் வந்து கேட்டதாகவும் கேள்வி.

ஃபரீத் இதையெல்லாம் கேட்டுக் கொட்டாவி விட்டான். பிறகு சிவகாசிக்காரன் எவனும் செய்வதைச் செய்தான். வேனுக்கு மஞ்சளை எடுத்துவிட்டு நீலம் அடித்தான். பெயரை 'முதல் ட்ரிப்பு' என்று மாற்றினான். செய்தவர் என்ற இடத்தில், மறைந்த தன் அத்தா பெயரில் 'ஜெகபர் அலி அன் கோ' என்று போட்டான். கோடவுனில் ஏற்றினான். மயில் மாளிகைக்குப் போயிற்று, ரோஜா கோடவுனுக்குப் போயிற்று. எல்லாருக்கும் சரக்கு கிடைத்துவிட்டது, இனிமேல் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

முதல் ட்ரிப்பைப் பேரவை தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. 'துரோகியின் வேனில் கம்பெனி வாடை அடிக்கிறது, ஜெகபர் அய்யாவின் வேனில் மண் வாசனை வீசுகிறது' என்று ஒருவர் எழுதினார். 'இந்த ஹாரனில் ஆன்மா இருக்கிறது' என்றார் இன்னொருவர். கடைசியாக ஓடிவருகிற பெண்ணின் குரல் மாளிகையில் செயற்கையாகவும் கோடவுனில் உயிரோடும் இருப்பதாக மூன்றாமவர் ஆராய்ந்து சொன்னார். காளீஸ்வரன் கையோடு அடுத்த போஸ்டருக்கு ஆர்டர் கொடுத்தார். இந்தத் தடவை 'ஜெகபரிடம் திருடிய ஃபரீதே!' என்று ஆரம்பித்தது. படம் பழையதே போதும் என்றுவிட்டார்.

அன்றைக்கே ஹரிஷ்குமார் போனில் வந்தார். குரல் தழுதழுத்தது.

"சார், உங்க கேமை எவனோ காப்பி அடிச்சிருக்கான். கவலையே படாதீங்க, நாங்க இருக்கோம். அவனைச் சும்மா விடமாட்டோம்."

"அது நான்தான் சார்."

"உங்க பெருந்தன்மை புரியுது சார். ஆனா அவனுக்காக நீங்க பழி சுமக்கக் கூடாது."

இப்படியாக, ஃபரீதை ஃபரீதிடமிருந்து காப்பாற்ற இரண்டு பெரிய அமைப்புகள் கிளம்பின. சிவகாசியில் ஒரு லாட்ஜின் கூட்ட அறையில் சமரசக் கூட்டம் ஏற்பாடாயிற்று. கோடவுன் சார்பில் ஆள் வரவில்லை. அங்கே ஆளே கிடையாதாம், தானாக வருகிற பதில் மட்டும்தான் உண்டாம். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று அது பதில் போட்டதையே அதிகாரம் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு காளீஸ்வரன் வந்து உட்கார்ந்தார். எதிரே ஹரிஷ்குமார். நடுவில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற அட்டை, இன்னொன்றில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற அட்டை. ஃபரீத் முதலில் பாதிக்கப்பட்டவராக உட்கார்ந்து, தேநீர் வந்ததும் எழுந்து குற்றம் சாட்டப்பட்டவராக உட்கார்ந்தான். அங்கே ஃபேன் காற்று நன்றாக வந்தது.

"ரெண்டும் நான் செஞ்சதுதான் சார். சரக்கு ஒண்ணு, லேபிள் ரெண்டு. எங்க ஊர்ல வழக்கம்," என்றான்.

ஹரிஷ்குமார் தேநீரைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"சார், அப்படிச் சொல்லாதீங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே பொருள்னு ஆயிட்டா, எங்ககிட்ட மட்டும்தான் இருக்குன்னு நாங்க சொல்றதுக்கு என்ன அர்த்தம்? பெங்களூர்ல நாலு மாடி பில்டிங் இருக்கு சார். அத்தனை பேரும் இதை மட்டும்தான் சொல்லிட்டிருக்கோம்."

காளீஸ்வரனும் தலையை ஆட்டினார். "அதானே! நான் காறித் துப்புனதும் தலையில வச்சு ஆடுனதும் ஒண்ணுன்னா, பேரவையில எவன் மூஞ்சில நான் முழிக்கது? ஜெகபர் அய்யா வேற ஆளுதான். எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

ஃபரீதுக்கு அப்போதும் கோபம் வரவில்லை. நிரூபித்தால் தீர்ந்தது என்று நினைத்தான். இரண்டு கேமிலும் ஒரே குரல் இருக்கிறது, குரலுக்குச் சொந்தக்காரி புதுப்பட்டியில் இருக்கிறாள், கூப்பிட்டுக் கேளுங்கள் என்றான். அண்ணாச்சி வண்டி அனுப்பினார். சீசன் வேலையை விட்டுவிட்டு, அரை நாள் கூலியையும் விட்டுவிட்டு, பாண்டிலட்சுமி வந்து சேர்ந்தாள். விரல் இடுக்கில் மருந்தின் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

ஹரிஷ்குமாரும் காளீஸ்வரனும் காதில் ஹெட்போன் மாட்டி இரண்டு குரலையும் கேட்டார்கள்.

"நானும் கொஞ்சம் கேக்கட்டுமா?" என்றாள் பாண்டிலட்சுமி.

"சாரி அம்மா," என்றார் ஹரிஷ்குமார். "நீங்க சாட்சி. சாட்சி கேட்டா நடுநிலை கெட்டுப்போகும். கேம்ல வர்ற வார்த்தையை இப்ப நீங்க சொல்லுங்க."

"என்ன வார்த்த?"

"வேனை நிறுத்தச் சொல்றது."

பாண்டிலட்சுமி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அறையைப் பார்த்தாள். ஏசியைப் பார்த்தாள். "நில்லுங்க, வந்துருதேன்," என்றாள். பக்கத்தில் இருந்த ஃபரீதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மேட்ச் ஆகலை," என்றார் ஹரிஷ்குமார்.

"சத்தமாச் சொல்லுங்கக்கா," என்று ஃபரீத் கெஞ்சினான்.

"வரலையே தம்பி. அங்கன வேன் போயிருமேன்னு பதறிக் கத்துனது. இங்கன எந்த வேன் போகுது?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கூட்டக் குறிப்பில் பதற்றத்தை எழுத வழி இல்லை. குரல் யாருடையது என்று தெரியவில்லை, ஆகவே அது தகராறில் உள்ள சொத்து என்று முடிவாயிற்று. தகராறில் உள்ள சொத்தை இரண்டு தரப்பும் பயன்படுத்தக் கூடாது. வேன் இருக்கட்டும், ரோடு இருக்கட்டும், ஹாரன் இருக்கட்டும். பெண்களின் குரல்களை மட்டும் இரண்டு கேமிலிருந்தும் எடுத்துவிட வேண்டும், திரும்ப ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

"இது பிளேயர்களோட வெற்றி," என்றார் ஹரிஷ்குமார் எழுந்து நின்று. "பேச்சு இல்லாட்டி எந்த நாட்டுக்காரரும் மொழிப் பிரச்சினை இல்லாம விளையாடலாம். உண்மையில இது பெரிய முன்னேற்றம்."

"இது பேரவையின் வெற்றி," என்றார் காளீஸ்வரன். "மாளிகைக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் கோடவுனுக்கும். ஒரு சொல் கூடக் குறையவில்லை, கூடவும் இல்லை."

ஹரிஷ்குமார் இந்தத் தடவை கொண்டுவந்திருந்த சால்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்திக்கொண்டார்கள். பாண்டிலட்சுமியைக் கொண்டுபோய் விடுவதற்கு வண்டி வரவில்லை. அவள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். போகும்போது ஃபரீதிடம், "பரவால்ல தம்பி. லீவுக்குத்தான் கேக்கப் போறம்ல," என்றாள். அவளுக்கு என்ன முடிவானது என்று விளங்கியிருக்கவில்லை. அவன் தலையை ஆட்டி வைத்தான்.

மறுநாள் ஹரிஷ்குமார் ரோஸ்மில்க்கோடு ஃபரீதின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இருந்த பதிவுகளை அவன் கையாலேயே அழிக்க வைத்தார். ஏற்கெனவே வாங்கியவர்களின் கம்ப்யூட்டரில் தானாகவே அழிந்துவிடும், கவலை வேண்டாம் என்று ஆறுதலும் சொன்னார். ஃபரீத் ஒவ்வொரு குரலாக அழித்தான். பாண்டிலட்சுமியுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தான். அது வந்தபோது அழவேண்டும் போல இருக்கும் என்று எதிர்பார்த்தான். அப்படி ஒன்றும் இல்லை. மரத்துப்போன பல்லில் குறடு படுகிற மாதிரி இருந்தது. ரோஸ்மில்க் காலியானதும் ஹரிஷ்குமார் கைகொடுத்துவிட்டுப் போனார். வெளியே இயந்திரத்தில் வெற்றிப் போஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஃபரீதின் படம் இல்லை.

தீபாவளி போயிற்று. ஃபாக்டரிகளுக்கு லீவு விட்டார்கள். ஃபரீத் புதுப்பட்டிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தான். பாண்டிலட்சுமி விடவில்லை, பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போனில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்து, ஒவ்வொரு தடவையும் "வாரேங்க்கா" என்றான்.

கம்ப்யூட்டர் சென்டரில் நாற்காலி போதவில்லை. வேன் பெண்கள் எல்லாரும் தீபாவளிச் சேலையில் வந்திருந்தார்கள். பாண்டிலட்சுமி புருஷனையே கூட்டி வந்துவிட்டாள். கோட்டைச்சாமிக்கு இதில் துளியும் விருப்பமில்லை, கதவோரம் நின்றுகொண்டிருந்தார். "வந்து முன்னால உக்காருங்க. நான் பேசறத நீங்க கேக்க வேண்டாமா?" என்று அவரை இழுத்து உட்கார வைத்தாள்.

கேம் திறந்தது. விடியாத ரோட்டில் வேன் வந்தது. புதுப்பட்டி என்று வேன் பெண்களில் ஒருத்தியான முத்துப்பேச்சி பலகையைப் படித்தாள். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். ஹாரன் அடித்தது. ஒரு வீட்டிலிருந்து முத்துப்பேச்சி சாயலில் ஒருத்தி வந்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஸ்பீக்கர் போச்சா?" என்று முத்துப்பேச்சி அதன் தலையில் தட்டினாள். சென்டர்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கேமை நிறுத்திவிட்டு ஒரு சாமி பாட்டைப் போட்டுக் காட்டினார். கூரை அதிர்ந்தது.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு," என்றான் ஃபரீத். "குரல எடுத்துட்டாகக்கா."

"யாரு?" என்றாள் பாண்டிலட்சுமி.

"ரெண்டு கம்பெனிக்காரவுகளும் சேந்து."

"எதுக்கு?"

"அவுகளுக்குள்ள சண்ட வரக் கூடாதுன்னு."

அவள் அதைப் புரிந்துகொள்ளப் பார்த்தாள். அந்த லாட்ஜ் அறையில் தான் மெதுவாகப் பேசியதாலா என்று கேட்டாள். இல்லக்கா, அதனால் இல்லை என்றான். வேறு எதனால் என்று அவள் கேட்கவில்லை. சென்டர்காரர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேமை மறுபடி ஓடவிட்டார்.

திரையில் பாண்டிலட்சுமியின் வீடு வந்தது. அவள் கடைசியாக ஓடிவந்தாள். கையைத் தூக்கினாள், வாயை அகலத் திறந்தாள், வேனைப் பார்த்து ஏதோ சொன்னாள், இன்னும் ஏதோ சொன்னாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

கோட்டைச்சாமி முன்னால் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"இது நல்லாருக்கே!" என்றார். "வீட்லயும் இப்படி ஒண்ணு மாட்டித் தர முடியுமா தம்பி?"

கூடம் முழுக்கச் சிரித்தது. முத்துப்பேச்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாண்டிலட்சுமியும் சிரித்தாள். எல்லாரும் சிரித்ததால் ஃபரீதும் சிரித்தான், தான் சிரிப்பது அவனுக்கே பிடிக்கவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். பாண்டிலட்சுமி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேன் ஆமத்தூரைத் தாண்டியது. மெயின் ரோட்டில் ஏறியது. ஃபாக்டரி கேட்டுக்குள் நுழைந்து நின்றது. பெண்கள் வாயசைத்தபடி இறங்கி வரிசையாக உள்ளே போனார்கள்.

"நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டமா?" என்று கேட்டாள்.

"சேந்துட்டீகக்கா."

"கூலி பிடிக்க மாட்டாகல்ல?"

"மாட்டாக."

"அப்பச் சரி," என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.